கையால் வரைந்த இரண்டு நிமிடம்: காகிதமா, டேப்லட்டா, கரியா?

கோலாலம்பூர் செந்தூலில் எனக்குத் தெரிந்த நால்வர் ஒரு குட்டி அனிமேஷன் படம் எடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள். கதை அவர்களில் ஒருத்தியின் பாட்டியுடையது. கித்தா (ரப்பர்) தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன காலம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை, எல்லாம் அதில் வரும். நீளம் இரண்டு நிமிடம். பழைய தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடும் விழாவில் மண்டபத்தில் திரையிட வேண்டும். கையில் இருப்பது மூன்று மாதமும் ஆயிரம் ரிங்கிட்டும். எல்லாருக்கும் வேலை, படிப்பு என்று இருப்பதால் சனி, ஞாயிறு மட்டும்தான் கணக்கு. கையால் வரைந்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் நால்வரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். "அண்ணே, ஒரு ஐபேட் வாங்கிட்டா முடிஞ்சிரும்ல?" என்று கேட்டார்கள்.

முடியலாம். ஆனால் ஐபேட் என்பது இருக்கிற ஐந்தாறு வழிகளில் ஒன்று. கையால் வரையும் ஒவ்வொரு முறைக்கும் அதற்கே உரிய ஒரு தொல்லை உண்டு. பழைய கார்ட்டூன்களின் அழகு என்று நாம் ரசிப்பதில் பாதி, அந்தத் தொல்லையைச் சமாளித்த தழும்புதான். அதனால் எந்த முறை சிறந்தது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, எந்த முறையின் தொல்லையை மூன்று மாதம் தாங்க முடியும் என்று பார்ப்பது நல்லது. நான் அவர்களுக்குச் சொன்னதை, அதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கு

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். இரண்டு நிமிடத்துக்கு 2,880 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி ஓவியம் வரைந்தால் அதை 'ஒன்ஸ்' என்பார்கள். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 'டூஸ்', மூன்றுக்கு நிறுத்தினால் 'த்ரீஸ்'. டூஸில் 1,440 ஓவியம் வேண்டும், த்ரீஸில் 960. டிஸ்னியின் பழைய படங்களிலேயே நிறையப் பகுதி டூஸில்தான் ஓடும். வேகமான அசைவு வந்தால் மட்டும் ஒன்ஸுக்கு மாறுவார்கள். ஜப்பானியத் தொலைக்காட்சி 1963-ல் அஸ்ட்ரோ பாய் தொடரை ஆரம்பித்தபோது வாரம் ஓர் அத்தியாயம் கொடுத்தாக வேண்டும், ஆளும் இல்லை, பணமும் இல்லை. த்ரீஸிலும் அதற்குக் கீழேயும் இறங்கினார்கள். வாய் மட்டும் அசையும், உடம்பு நிற்கும். ஒருமுறை வரைந்த ஓட்டத்தைப் பத்திரப்படுத்தி அடுத்த கதையிலும் எடுத்துப் போடுவார்கள். அந்தக் கஞ்சத்தனம்தான் பிறகு ஒரு பாணியாக வளர்ந்தது. இன்று பணம் வைத்திருக்கிறவர்களும் அதைத் தேடிப் போய்க் காப்பியடிக்கிறார்கள்.

நம் நால்வரில் வரைகிறவர்கள் மூவர். நான்காமவருக்கு எடிட்டிங்தான் கைவந்த வேலை. பழகாத கைக்கு ஒரு வார இறுதியில் இருபத்தைந்து ஓவியம் உருப்படியாக வந்தால் பெரிய விஷயம். மூவருக்கு 75, பன்னிரண்டு வாரத்துக்கு 900. த்ரீஸில் வரைந்தாலும் தட்டுத்தடுமாறித்தான் கரை சேர முடியும். அப்புறம் வண்ணம், பின்னணி, ஒலிக்கெல்லாம் எங்கே நேரம்? ஆகவே எந்த முறையை எடுத்தாலும், படத்தில் பாதி நேரம் உருவங்கள் அசையாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வரைந்ததே திரும்ப வர வேண்டும். இதைக் கதைப்பலகை (ஸ்டோரிபோர்டு) போடும்போதே ஒத்துக்கொண்டால், நிற்கிற ஷாட் நிற்பதற்காகவே அமைக்கப்பட்டதாக இருக்கும். கடைசி வாரத்தில் நேரமில்லாமல் நிறுத்தினால், அது பார்க்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும்.

செல்: பார்க்க ஆசை, செய்ய வேண்டாம்

பழைய கார்ட்டூன் தோற்றம் என்று எல்லாரும் சொல்வது செல் முறையின் தோற்றம். அதற்கு முன்பு வேலை இன்னும் கொடுமையாக இருந்தது. வின்சர் மெக்கே 1914-ல் தன் டைனோசர் படத்தைச் செய்தபோது, டைனோசரோடு சேர்த்துப் பின்னால் இருக்கும் பாறையும் நீரும்கூட ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரையப்பட்டன. அதற்கென்றே ஓர் உதவியாளரை வைத்திருந்தார். அதே ஆண்டில் ஏர்ல் ஹர்ட் என்பவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வழி எளிமையானது. உருவத்தைக் கண்ணாடி போன்ற தகட்டில் வரைய வேண்டும், அந்தத் தகடுதான் செல். பின்னணியை ஒரே ஒரு தடவை தீட்டிக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். தகட்டின் முன்பக்கம் மைக்கோடு, பின்பக்கம் வண்ணம். பின்னணி நீர்வண்ணத்தில் குழைந்து கிடக்க, அதன்மேல் உருவம் தட்டையாக, ஓரம் கூர்மையாக நிற்கும். இந்தப் பொருத்தமின்மைக்கு மூன்று நான்கு தலைமுறையாகக் கண் பழகிப்போய், இன்று கணினியில் செய்கிறவர்களும் அதையே வேண்டுமென்று உண்டாக்குகிறார்கள்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். 1961-ல் டிஸ்னி 101 டால்மேஷியன் நாய்களை வைத்துப் படம் எடுத்தது. கையால் மை தீட்டும் செலவைக் குறைக்க, பென்சில் ஓவியத்தை ஜெராக்ஸ் முறையில் நேரே செல்லில் ஏற்றினார்கள். கோடு கறுப்பாக, சொரசொரப்பாக வந்தது. பழைய ஆட்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதற்கு முந்தைய வழவழப்பைவிட இந்தச் சொரசொரப்புதான் பிடிக்கும். வரைந்தவரின் பென்சில் எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது என்று திரையிலேயே தெரியும். செலவைச் சுருக்கப் போய்க் கிடைத்த அழகு அது.

நம் ஊரிலும் கையால் வரைந்து படம் செய்திருக்கிறார்கள். 1983-ல் வெளிவந்த ஹிக்காயாட் சாங் காஞ்சில்தான் மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் என்று சொல்கிறார்கள். செய்தவர் ஆனந்தம் சேவியர், அரசின் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் வேலை பார்த்தவர். உப்பின் இப்பின் கார்ட்டூன் தொடர் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள்; நாமும் சொல்லிக் கொடுப்பதில்லை.

செல் படங்களுக்கு வயதாகவில்லையா என்று கேட்டால், 1992-ல் ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து எடுத்த இராமாயண அனிமேஷனைப் பார்க்கச் சொல்வேன். 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடு இந்தியத் திரையரங்குகளுக்குத் திரும்ப வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அதில் மரமும் கடலும் முகமும் பழசாகத் தெரிவதில்லை. அதே தொண்ணூறுகளில் கணினியில் செய்த முப்பரிமாண உருவங்களை இப்போது போட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரியும். முப்பரிமாணம் நிஜத்தைப் போலக் காட்டப் பார்க்கிறது. அடுத்த இயந்திரம் இன்னும் நிஜமாகக் காட்டியதும் முந்தையது தோற்றுவிடுகிறது. கோடு அந்தப் பந்தயத்தில் இறங்கவே இல்லை.

ஆனாலும் செல் நமக்கு வேண்டாம். ஜப்பானில் கடைசிவரை செல்லைப் பிடித்துக்கொண்டிருந்த சாசாஎ-சான் தொடரே 2013-ல் விட்டுவிட்டது. தகடும் அதற்கான வண்ணமும் தேடிப் பிடிப்பதற்குள் பாதிப் பணம் போய்விடும். பத்திரப்படுத்துவதும் தலைவலி. அசிடேட் தகடு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடி நாற்றம் அடிக்கும், கோலாலம்பூரில் அந்த இரண்டுக்கும் குறைவே கிடையாது. ஆசைக்கு ஒரே ஒரு செல் செய்து, சட்டம் போட்டுப் பாட்டிக்குக் கொடுங்கள்.

காகிதமும் பென்சிலும்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். வேண்டியது கீழிருந்து வெளிச்சம் வரும் ஒரு பலகை, தாள்கள் நகராமல் பிடிக்க ஒரு கட்டை, பென்சில். எல்இடி வெளிச்சப் பலகைகள் இப்போது மெல்லியதாக, மலிவாக வந்துவிட்டன, ஆளுக்கு ஒன்று வாங்கலாம். ஸ்டூடியோக்கள் மூன்று முளை வைத்த தனிக்கட்டையும் அதற்கேற்றபடி துளையிட்ட தாளும் வாங்குவார்கள். நமக்கு அது தேவையில்லை. அலுவலகத்தில் கோப்புக்குத் துளை போடும் சாதாரணப் பஞ்ச் இருக்கிறதே, அது இரண்டு துளைகளையும் 80 மில்லிமீட்டர் இடைவெளியில் போடும். ஒவ்வொரு துளையும் 6 மில்லிமீட்டர் அகலம். ஒரு மரச்சட்டத்தில் அதே இடைவெளியில் இரண்டு குச்சியை ஒட்டினால் வேலை முடிந்தது. துளை தாளின் கீழே வரட்டும், புரட்டுவதற்கு அதுதான் வசதி. ஒரு பஞ்சையே எல்லாரும் பயன்படுத்துங்கள். இரண்டு பஞ்ச் இருந்தால் இரண்டு விதமாகத் துளை விழும்.

முறை இப்படி. முதலில் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவது, அவை கீ. பாட்டி குனிந்திருக்கிறார், இது ஒன்று. நிமிர்ந்துவிட்டார், இது இன்னொன்று. நடுவில் எந்த வழியாக உடம்பு போகிறது என்று காட்டும் ஓவியம் பிரேக்டவுன். மிச்சத்தை நிரப்புவது இன்பிட்வீன். பிரேக்டவுனில்தான் உயிர் இருக்கிறது. இரண்டு கீக்களுக்கும் சரியாக நட்டநடுவே அதை வரைந்தால் கிரேன் எழும்புவது மாதிரி இருக்கும். தலை பின்தங்கி, இடுப்பு முதலில் எழுந்தால், வயதான ஒருத்தர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார் என்று தெரியும். நல்ல கை உள்ளவர் கீயும் பிரேக்டவுனும் வரையட்டும், மற்ற இருவர் இன்பிட்வீன் போடட்டும். ஒரே மேசையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிவது காகிதத்தின் பெரிய வசதி. ஒரு ஐபேட் இருந்தால் ஒருவர் வரைவார், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

தொல்லைகள் இருக்கின்றன. நம் காற்றில் தாள் சுருண்டுகொள்ளும். மழைக்காலத்தில் அடுக்கி வைத்த கட்டு நெளிந்து நிற்கும். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். மேலே விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் வியர்வை சொட்டும். அப்புறம் ஸ்கேன். ஒரு தாளுக்கு அரை நிமிடம் என்றாலும் 900 தாளுக்கு ஏழரை மணி நேரம். அதை எடிட்டிங் தெரிந்த நான்காமவரிடம் கொடுத்துவிடலாம், வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக. கட்டையைத் தலைகீழாக ஸ்கேனர் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி, தாளை அதில் மாட்டி ஸ்கேன் செய்தால் எல்லாத் தாளும் ஒரே இடத்தில் விழும். தானாகத் தாள் இழுக்கும் இயந்திரம் வேகமானது, ஆனால் ஒவ்வொன்றையும் இம்மி இம்மியாகச் சாய்த்துவிடும். படம் திரையில் குடித்தவன் மாதிரி ஆடும்.

வண்ணத்தைத் தாளில் தீட்ட வேண்டாம், கணினியில் போடலாம். ஓபன்டூன்ஸ் இலவசம். ஜப்பானின் கிப்லி அனிமேஷன் ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள்தான் 2016-ல் அந்தப் பெயரில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. பென்சில் கோட்டில் சின்ன இடைவெளி இருந்தாலும் வண்ணம் வெளியே கசிந்து பின்னணியெல்லாம் பரவும். அதற்காகக் கோட்டை எல்லாம் மூடி மூடி வரைந்தால் கோடு செத்துவிடும். என் யோசனை, உருவங்களுக்கு முழு வண்ணமே வேண்டாம். புடவைக்கு ஒரு நிறம், தலைத்துண்டுக்கு ஒரு நிறம், மற்றதெல்லாம் தாளின் வெள்ளை. நம் ஊர்க் கார்ட்டூனிஸ்ட் லாட் வரைந்த கம்போங் (கிராமத்து) படங்களில் எத்தனை வெற்றிடம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள். கோடு சரியாக இருந்தால் கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

நிற்கிற ஷாட்டுகளுக்கு ஒரு பழைய தந்திரம். நான்கு விநாடி அசையாமல் நிற்கிற உருவத்தை ஒரே ஓவியமாக வைத்தால் படம் உறைந்த மாதிரி இருக்கும். அதே ஓவியத்தை மேலே தாள் வைத்து மூன்று தடவை வரைந்து, மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கோடு லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும், ஆள் மூச்சு விடுகிற மாதிரி. இதை பாயில் என்பார்கள். த்ரீஸில் 32 ஓவியம் போக வேண்டிய இடத்தில் மூன்றோடு முடிந்தது. காகிதத்தில் இது தானாகவே வரும், ஏனென்றால் எந்தக் கையும் ஒரு கோட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி போடாது.

டேப்லட்

சரி, ஐபேட் கேள்விக்கு வருகிறேன். பென்சிலோடு சேர்த்து வாங்கினால் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும், மொத்தப் பணமும் ஒரே கருவியில் முடங்கும். ஏற்கெனவே வீட்டில் கணினி இருந்தால், அதோடு இணைத்து வரையும், திரை இல்லாத டேப்லட் சில நூறு ரிங்கிட்டில் கிடைக்கிறது. கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம். முந்தைய ஓவியம் மங்கலாகக் கீழே தெரிகிற வசதி, ஒரே தட்டலில் வண்ணம், ஸ்கேன் இல்லை, விசிறியும் போட்டுக்கொள்ளலாம். தனியாக ஒருவர் படம் செய்வதென்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

டேப்லட்டின் தொல்லை, அதில் தொல்லையே இல்லாதது. கோடு பிடிக்கவில்லையா, அழி, மறுபடி போடு, மறுபடி அழி. ஒரு மூக்குக்கு அரை மணி நேரம் போகும். பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணிமை வரை வரைவார்கள். படம் ஓடும்போது அது யார் கண்ணிலும் படாது. இன்னொன்று, கோட்டைத் தானாக நேராக்கும் வசதி. கை நடுக்கத்தை அது துடைத்துவிடும். முடிவில் எல்லாருடைய கோடும் ஒரே கம்பி மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும், யார் வரைந்தது என்று சொல்ல முடியாது. டேப்லட்தான் என்று முடிவு செய்தால் மூன்று கட்டுப்பாடு போட்டுக்கொள்ளுங்கள். நேராக்கும் வசதியை அணைத்துவிடுவது, படம் முழுக்க ஒரே தூரிகை, முழு ஃபிரேமும் தெரிகிற அளவுக்கு மேல் பெரிதாக்காமல் இருப்பது. அப்போது காகிதத்துக்குக் கொஞ்சம் கிட்டே வரலாம்.

கணினியில் வரைந்தால் அது கையால் வரைந்ததில்லை என்று சிலர் வாதிடுவார்கள். டிஸ்னி 1990-லேயே ஒரு முழுப் படத்துக்கும் கணினியில் வண்ணம் போட்டுவிட்டது. ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு மனிதர் வரைந்தாரா என்பதுதான் என் அளவுகோல், எந்தப் பரப்பில் என்பது இல்லை.

வெட்டுருவம்

உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மூட்டுகளில் இணைத்து, நகர்த்தி நகர்த்திப் படம் பிடிப்பது இன்னொரு வழி. லோட்டே ரைனிகர் 1926-ல் கறுப்பு அட்டையை வெட்டியே ஒரு முழுநீளப் படம் செய்தார். நமக்கு இது அந்நியமே இல்லை. தோல்பாவைக் கூத்தும், கிளாந்தான் மாநிலத்தின் வாயாங் கூலிட் நிழற்கூத்தும் இதே வேலைதான். கிளாந்தான் பாவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கைதான் அசையும். அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு தாலாங் எனும் பாவையாட்டி இராமனையும் இராவணனையும் விடிய விடியப் பேசவைப்பார்.

வரைகிற வேலை இதில் மிகவும் குறைவு. குறை என்னவென்றால், உருவம் பக்கவாட்டில் நன்றாக நடக்கும், திரும்பிப் பார்க்கச் சொன்னால் திரும்பாது. முகத்தை நெருங்கிக் காட்டவும் முடியாது. பாட்டியின் கதை முகத்தில் நடக்கிற கதை, அதனால் முழுப்படத்துக்கு இது பொருந்தாது. ஆனால் பெரட்டுக் களத்தில் ஐம்பது பேர் வரிசையாக நிற்கிற காட்சி ஒன்று கதையில் இருக்கிறது. ஐம்பது பேரைத் தாளில் வரைய உட்கார்ந்தால் மூன்று மாதமும் அங்கேயே போய்விடும். மங்கலான வானத்துக்கு முன்னால் கறுப்பு நிழல்களாக வெட்டி நிறுத்தி, கங்காணியின் கையை மட்டும் அசைத்தால் போதும்.

கரி

இதை அவர்கள் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் செய்துவருகிற முறை இது. ஒரே ஒரு பெரிய தாளில் கரியால் வரைந்து ஒரு படம் எடுப்பது. கொஞ்சம் அழித்து, கொஞ்சம் மாற்றி, இன்னொரு படம். கட்டுக்கட்டாகத் தாள் தேவையில்லை. அழித்த இடத்தில் பழைய கோட்டின் புகை தங்கிவிடும். கை நகர்ந்தால் அது இருந்த இடத்தில் நிழல் மாதிரி ஒன்று கூடவே வரும். நினைவில் இருந்து சொல்லும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான குறை கிடையாது.

பால்மரம் வெட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், அப்போதுதான் பால் நன்றாக ஒழுகும். ஆகவே காட்சி முழுக்க இருட்டு, நெற்றியில் கட்டிய விளக்கின் வட்டம் மட்டும்தான் வெளிச்சம். பட்டையில் இடமிருந்து வலமாகக் கீழிறங்கும் சரிவான வெட்டு. கத்தி இழுபடும்போது மெல்லிய சீவல் சுருண்டு விழும். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு வெட்டு நெடுகிலும் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, சேர்ந்து, சரிந்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் சொட்டும்.

இதைப் பென்சிலும் வண்ணமுமாகச் செய்தால் இருட்டு ஒரு தளம், விளக்கு வட்டம் ஒரு தளம், மரம், கை, கத்தி, பால் என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கரியில் தாள் முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு, பிசையும் ரப்பரால் விளக்கு வட்டத்தைத் துடைத்து எடுக்கலாம். பால் வர வேண்டிய இடத்தில் ரப்பரின் முனையை ஓட்டினால் தாளின் வெள்ளை வெளியே வரும், அதுதான் பால். ஒவ்வொரு படத்துக்கும் அசைகிற சின்ன இடத்தை மட்டும் தொடுவதால், ஒரு ஞாயிறில் ஐந்தாறு விநாடி எடுத்துவிடலாம் என்பது என் கணிப்பு.

தொல்லை என்று பார்த்தால், திரும்பிப் போக வழியே இல்லை. நாற்பதாவது படத்தில் கை கோணிவிட்டால் கோணினதுதான். ஒருவர் ஆரம்பித்த ஷாட்டை இன்னொருவர் முடிக்க முடியாது. வெளிச்சம் மாறக்கூடாது, ஜன்னலோரம் வேலை செய்தால் நம் ஊரில் சாயங்காலத்துக்கு முன்னாலேயே வானம் இருண்டு இடி இடிக்கத் தொடங்கும், படம் மின்னி மின்னி ஓடும். திரைச்சீலையை இழுத்து மூடி, இரு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு வைத்து, கைபேசியின் ஃபோகஸ், வெளிச்சம், வண்ணச் சமநிலை மூன்றையும் பூட்டிவிட வேண்டும். வீட்டுத் தரை கறுப்பாகும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதே குடும்பத்தில் கண்ணாடியில் எண்ணெய் வண்ணம் தீட்டுவதும் உண்டு. ரஷ்யாவின் அலெக்சாண்டர் பெட்ரோவ் அப்படித்தான் 1999-ல் கிழவனும் கடலும் கதையைச் செய்தார், ஏறக்குறைய 29,000 ஓவியம், பெரும்பாலும் விரலாலேயே. பார்த்து வியக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குறுக்கு வழிகள் இரண்டு

படம் பிடித்து அதன்மேல் வரைவது ரோட்டோஸ்கோப். மேக்ஸ் ஃபிளைஷருக்கு 1917-ல் காப்புரிமை கிடைத்த முறை. அப்படியே பிரதி எடுத்தால் உருவம் எடையில்லாமல் மிதக்கும். பாட்டியையே ஒரு குச்சியை வைத்து வெட்டிக் காட்டச் சொல்லிக் கைபேசியில் பிடியுங்கள். மணிக்கட்டு எப்போது திரும்புகிறது, உடம்பு எந்தக் காலில் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு, வீடியோவை மூடிவிட்டு வரையுங்கள்.

மற்றது செயற்கை நுண்ணறிவு. 2025 மார்ச்சில் குடும்பப் புகைப்படத்தையெல்லாம் கிப்லி மாதிரி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோமே, அது. கையால் வரைந்தது என்று தெரிய வேண்டும் என்பது இவர்கள் நிபந்தனை, ஆகவே பேச்சே இல்லை. பாட்டி முகம் ஜப்பானியச் சிறுமி முகமாவதைப் பார்க்க எனக்கும் விருப்பமில்லை.

என் தேர்வு

விடியுமுன் நடக்கும் முதல் முப்பது விநாடி கரியில், கை நன்றாக ஓடும் ஒருவர் மட்டும் செய்யட்டும். பெரட்டுக் களம் பத்துப் பதினைந்து விநாடி, கறுப்பு அட்டையில் வெட்டி, எடிட்டிங் செய்கிறவரும் வரைகிற இன்னொருவரும் ஒரே ஞாயிறில் முடித்துவிடலாம். லயத்து வீடு, பசியாறல், ஆயாக் கொட்டகையில் பிள்ளை அழுவது, பாட்டியின் இன்றைய முகம், இவை எல்லாம் காகிதத்தில், த்ரீஸில், பாதிக்குமேல் நிற்கிற ஷாட். அந்தப் பகுதி எழுபத்தைந்து விநாடி. முழுக்க அசைந்தால் 600 ஓவியம், நிற்கிற ஷாட்டுகளுக்கு மூன்று ஓவியத் தந்திரத்தைப் போட்டால் முந்நூறுக்குக் கொஞ்சம் மேலே வரும். பன்னிரண்டு வாரத்தில் ஏழெட்டு வாரம் அதற்குப் போதும். பின்னணிகளை நீர்வண்ணத்தில் தீட்டுங்கள், பத்துப் பன்னிரண்டு தாள்தான், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று முறை கலந்தால் படம் ஒட்டாது என்று பயந்தார்கள். வெளிச்சம் மாறும்போது முறையும் மாறுவதால் ஒட்டும். தவிர, பாட்டியின் குரல் முழுக்க ஓடுகிறது, அது பிடித்து வைக்கும். அந்தக் குரலை முதல் வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள், வரைகிற நீளம் எல்லாம் அதை வைத்துத்தான்.

ஐபேட் வாங்கும் பணத்தில் வெளிச்சப் பலகை மூன்று, தாள், கரி, விளக்கு, கைபேசிக்கு ஒரு தாங்கி எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கும்.

என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். முதல் சனிக்கிழமை, கத்தி பட்டையில் இழுபடும் அந்த ஐந்து விநாடியை மட்டும் மூன்று விதமாகச் செய்யுங்கள்: ஒருவர் காகிதத்தில், ஒருவர் கரியில், ஒருவர் இரவல் வாங்கிய டேப்லட்டில். கைபேசியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கைபேசியில் எல்லாமே அழகாக இருக்கும். விழா நடக்கிற மண்டபத்திலேயே, அவர்கள் புரொஜெக்டரிலேயே, விளக்கைப் பாதி அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பழைய புரொஜெக்டர்களில் எச்பி பென்சில் கோடு காணாமல் போய்விடும், அதைவிடக் கறுப்பான 4பி-யாவது வேண்டியிருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்போது கத்தி எந்தப் பக்கம் போகிறது என்று புரியவில்லை என்றால், அந்த முறையை அன்றே விட்டுவிடுங்கள், யாருக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும்.